மாமா சாப்பிட்ட ஆராய்ச்சி

என் தாய்மாமா தன் குதிரைமேல் வைத்திருந்த பாசத்தில் கால்வாசியை என்மேல் வைத்திருந்தால், என் கெம்பஸ் படிப்பு இவ்வளவு கூத்தைப் பார்த்திருக்காது. நுவரெலியா ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களுக்குச் சவாரி விடும் பெட்டைக் குதிரை அது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் கட்டியிருக்கும். மழை வந்தால் மாமா முதலில் தார்ப்பாய்ப் படங்கை எடுத்துக்கொண்டு அங்கேதான் ஓடுவார். கொடியில் காயும் எங்கள் உடுப்பு அவர் கண்ணில் படாது.

கடைசி வருட ஆராய்ச்சிக்கு அதன் ரத்தம் ஒரு போத்தல் எனக்கு வேண்டியிருந்தது. திங்கட்கிழமை ஆய்வுகூடத்தில் என் முறை. அதைத் தவறவிட்டால் இன்னொரு வருடம் இழுத்துவிடும்.

"சீசன் நேரத்துல புள்ளைக்கு மயக்கம் வந்துச்சுன்னா யாரு பொறுப்பு?" என்றார் மாமா. புள்ளை என்றது குதிரையை.

"வயித்துல இறைச்சியக் கரைக்கிற நொதியம் இருக்குல்ல மாமா? அந்த மாதிரி சாமான் ரத்தத்துக்குள்ள வந்துட்டா நம்ம ஒடம்பையே கரைச்சிரும். அதப் புடிக்கத்தான் ரத்தத்துல சில புரதம் இருக்கு. எலிப்பொறி மாதிரி. தீனின்னு நெனச்சு நொதியம் கடிக்கும். கடிச்ச ஒடனே பொறி மூடிக்கும். குதிரைகிட்ட அது எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும்."

மாமா யோசித்தார். "அப்ப குதிரை ரத்தத்தக் குடிச்சா கறி செமிக்காது?"

"குடிச்சுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

"சீ! கழுத!"

எப்படியோ சம்மதித்தார். ஒரே ஒரு தடவை என்று என் தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை மிருக டாக்டர் வந்து கழுத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். மாமா ஒரு கையால் குதிரையின் கண்ணைப் பொத்தினார், மறு கையால் தன் கண்ணை. குதிரை பாட்டுக்குப் புல்லை மென்றுகொண்டிருந்தது.

குதிரை ரத்தம் சீக்கிரம் படியும். உறையாமலிருக்க மருந்து கலந்த அந்தப் போத்தலில் கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு அடியில் இறங்கி, மேலே தெளிந்த மஞ்சள் நின்றது. அந்த மஞ்சள் பிளாஸ்மாதான் எனக்கு வேண்டிய பொருள். போத்தலை மாமா வீட்டு பிரிஜ்ஜில் வைத்துவிட்டு, ஐஸ் பெட்டி வாங்க டவுனுக்குப் போனேன்.

அன்று தோட்டத்தில் முனியாண்டி பூசை என்பதை நான் யோசிக்கவே இல்லை. பூசையில் ஆடு வெட்டினால் வீட்டுக்கு வீடு பங்கு வரும், ரத்தமும் வரும். யாராவது கொண்டுவந்து கிடைத்த ஏனத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு லயத்துக் குசினியில் ரத்தப் போத்தலைப் பார்க்கிற எவளும் என் அத்தை செய்ததைத்தான் செய்வாள்.

நான் திரும்பியபோது வீடு மணத்தது. வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை. மாமா தட்டை வழித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருசத்து ஆடு நல்ல ஆடுதான்! ரத்த வறுவல் என்னா ருசி!"

"ஆனா ரத்தம் ஒறையவே இல்ல," என்றார் அத்தை. "மேல எண்ணெ மாதிரி நின்னுச்சு. நல்லாக் குலுக்கி ஊத்திட்டேன்."

கழுவிக் கவிழ்த்த என் போத்தல் அடுப்பு மேடையில் இருந்தது. வாய்விட்டு அழுதேன். எனக்கு வந்த கோபத்தில் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லத் தெரியவில்லை, அப்படியே போட்டு உடைத்தேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். வாய்க்குள் இருந்த கடைசிக் கவளத்தை விழுங்குவதா துப்புவதா என்று மாமாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் விழுங்கினார்.

சாயங்காலம் கொட்டிலில் குதிரைக்குப் பக்கத்தில், வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"செமிக்காதுல்ல?" என்றார்.

"வெந்தா அந்தப் பொறியெல்லாம் ஒடஞ்சிரும் மாமா. மத்த கறி மாதிரிதான். நல்லாவே செமிச்சிரும்."

ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் முகம் இன்னும் சுருங்கியது.

"செமிச்சா எங்க போவும்?"

"ஒங்க ஒடம்போட சேந்துரும்."

குதிரையின் முகத்தை ஒரு தடவை பார்த்தார், தன் வயிற்றை ஒரு தடவை பார்த்தார். இன்னொரு போத்தல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சத்தியம் வேறு செய்திருந்தேன். ஒரு வருடம் போனால் போகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டில் பக்கம் டாக்டரின் குரல் கேட்டது. போய்ப் பார்த்தால், மாமாவே போன் பண்ணி அவரை வரவழைத்திருந்தார். குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறு பூசி நிறுத்தியிருந்தார்.

டாக்டர் ஊசியை எடுத்ததும் மாமா குறுக்கே வந்து, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக் கையை நீட்டினார்.

"அவகிட்ட பாதி எடுங்க சார். மீதிய என்கிட்ட எடுத்துக்குங்க. அவளோடது கொஞ்சம் இப்ப இங்கதான இருக்கு."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். மாமா நீட்டிய கையை மடக்கவில்லை.