பழைய ஹார்ட் டிஸ்க்கை வீசிய கதை

லப்டொப்புக்குப் புது ஹார்ட் டிஸ்க் போடுவது என்ன பெரிய வேலையா? நாலு ஸ்குறூ. ஒரு யூடியூப் வீடியோ. கொஞ்சம் துணிச்சல். எல்லாமே என்னிடம் இருந்தன. அறிவும் வேண்டும் என்று அந்த வீடியோவில் யாரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டு லப்டொப் ஒரு மாதமாகவே 'டிக்... டிக்...' என்று முனகிக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது என்று அர்த்தமாம். கடையில் கொடுப்போம் என்றாள் மனைவி சாந்தி. சாம்பல்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியை அவள். பன்னிரண்டு வருடமாக அவள் தயாரித்த வினாத்தாள்கள் எல்லாம் அந்த லப்டொப்பில்தான் இருக்கின்றன. இந்தத் தவணைப் பரீட்சைக்கான தாளையும் திங்கட்கிழமை அதிபரிடம் கொடுக்க வேண்டும்.

"இதுக்கெல்லாம் கடைக்குப் போறதோ? நானே போடுறன்" என்றேன்.

புதன்கிழமை பின்னேரம் லப்டொப்பைக் குப்புறப் போட்டுத் திறந்தேன். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்தவளின் குரல் வந்தது.

"என்ட பேப்பரெல்லாம் கொப்பி எடுத்திட்டீங்கள்தானே?"

"ஓம், ஓம்."

கேள்வியை முழுதாகக் கேட்காமலே ஓம் சொல்வது கல்யாணமான நாள் முதல் எனக்குள்ள பழக்கம். உங்களில் பலருக்கும் இருக்கும். அநேகமாக உயிருக்கு ஆபத்து வருவதில்லை.

புது டிஸ்க் கச்சிதமாக உட்கார்ந்தது போலத்தான் தெரிந்தது. பழையதைக் குப்பைப் பையில் போட்டேன். ஏன் போடக்கூடாது? போன மாதம் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் நான் என்ன எழுதினேன்? 'பழையதைக் கட்டிக் காப்பது ஒரு நோய், இன்றைக்கே வீசுங்கள்' என்று எழுதினேன். ஊருக்கு உபதேசம் சொன்னவன் தானும் செய்து காட்ட வேண்டாமா?

லப்டொப்பின் சுவிட்சைப் போட்டேன். 'ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை' என்றது திரை.

கழற்றினேன், ஊதினேன், மாட்டினேன். காணவில்லை. பட்டரியைக் கழற்றிப் போட்டேன். காணவில்லை. பயோஸ் என்று ஒன்று இருக்கிறதாம், அதற்குள்ளும் போனேன். அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாததால் மரியாதையாகத் திரும்பி வந்தேன். வெள்ளிக்கிழமை ராகுகாலம் முடியும்வரை காத்திருந்து – சிரிக்காதீர்கள் – இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். அப்போதும் காணவில்லை. இதற்கிடையில் வியாழக்கிழமை காலை குப்பை லொறி வந்து போய்விட்டது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். கடைக்காரர் பழுதான டிஸ்க்கை என் தலையில் கட்டிவிட்டார். சனிக்கிழமை காலை லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

கடைக்காரர் றிஸ்வி கிண்ணியாவைச் சேர்ந்தவர், பொறுமைசாலி. நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து லப்டொப்பைத் திறந்தார். டிஸ்க்குக்கும் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்கும் நடுவில் அரை விரல் இடைவெளி இருந்தது.

"சேர், இந்த மொடலுக்கு நடுவில ஒரு சின்னக் கனெக்டர் வரும். பழைய டிஸ்க்கின்ட நுனியில மாட்டியிருக்கும். அதைக் கழட்டிப் புதுசில போடோணும். பழசு எங்க?"

"வீசிட்டன்."

"ஓ... போன மாசம் எழுதியிருந்தீங்கதானே" என்றார் றிஸ்வி. "உம்மாவும் அதை வாசிச்சிட்டு என்ட பழைய வயரெல்லாம் வீசச் சொன்னா. நான் விடல்ல."

பிறகு கேட்டார், "டேட்டாவெல்லாம் கொப்பி இரிக்கிதானே?"

புதன்கிழமை கொப்பி எடுத்து வைத்திருந்த பென் டிரைவைப் பெருமையோடு நீட்டினேன். அவர் அதைத் தன் கொம்பியூட்டரில் செருகினார். உள்ளே ஒரே ஒரு கோப்புறை, பெயர் 'என் பத்திகள்'. வேறு ஒன்றும் இல்லை.

அப்போதுதான் புதன்கிழமை கேட்ட கேள்வி முழுதாக என் காதில் விழுந்தது.

பிள்ளைகள் எந்த இடத்தில் பிழை விடுவார்கள் என்று யோசித்து யோசித்து அவள் உண்டாக்கிய கணக்குகள். பன்னிரண்டு வருட உழைப்பு. அதைக் குப்பை லொறியில் ஏற்றிவிட்டு என் அரட்டையை மட்டும் பத்திரப்படுத்தியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

லிங்கநகரில் இருக்கும் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. வீட்டுக்குள் கச்சான் காற்று வாரி அடித்துக்கொண்டிருந்தது. சாந்தி மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கதிரையில் உட்காரத் துணிவில்லாமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப... உங்கடையை மட்டும் கொப்பி எடுத்தனீங்கள்."

"ஓம்."

இந்த ஓம் முழுதாகக் கேட்டுச் சொன்ன ஓம்.

அவள் சிவப்புப் பேனையை மூடி வைத்தாள். பிறகு விடைத்தாள்கள் பறக்காமல் மேலே வைத்திருந்த கனமான பொருளை எடுத்து என் கையில் தந்தாள். தாள்கள் வீடு முழுக்கப் பறந்தன. கையில் இருந்தது என் பழைய ஹார்ட் டிஸ்க். நுனியில் அந்தச் சின்னக் கனெக்டர்.

"நீங்கள் அந்தக் கட்டுரை எழுதின நாளில இருந்து குப்பைப் பையைப் பிரிச்சுப் பாத்துத்தான் லொறிக்குக் குடுக்கிறனான்."

வியாழக்கிழமையிலிருந்து அது அந்த மேசையில்தான் இருந்திருக்கிறது. இரண்டு தடவை என் தேநீர்க் கோப்பையை அதன்மேல் வைத்துமிருக்கிறேன். முன்னால் இருப்பதைக் காணவில்லை என்கிறதே என்று லப்டொப்பை எவ்வளவு திட்டினேன்... அந்த வியாதி எங்கள் வீட்டில் அதற்கு மட்டும் இல்லை.

திரும்பவும் கடைக்கு ஓடினேன். றிஸ்வி கனெக்டரை மாற்றியதும் லப்டொப் புது டிஸ்க்கை உடனே கண்டுகொண்டது. பழையதை வேறொரு வயரில் பொருத்தினார். அது முனகி முனகி வினாத்தாள்களைத் தந்தது. திங்கட்கிழமைத் தாளும் வந்துவிட்டது. தரம் ஒன்பது கேத்திரகணிதம் மட்டும் வரவில்லை. அச்சடித்த பிரதிகளைப் பார்த்து நானே தட்டச்சு செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். முக்கோணம் கீறுவது இவ்வளவு கஷ்டம் என்று யாருக்குத் தெரியும்?

அன்று பின்னேரம் சாந்தி அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து காட்டினாள். போன மாதம் நான் வீசியதெல்லாம் அங்கே இருந்தன. தண்ணீர் மோட்டர் அறைப் பூட்டின் திறப்பு, டோர்ச் மூடி, காணி உறுதிப் பத்திரத்தின் போட்டோ கொப்பிகூட.

"என்ட கட்டுரை வந்த பேப்பரும் இருக்கோ?" கொஞ்சம் ஆசையோடு கேட்டேன்.

"அதை வீசிட்டன்" என்றாள்.