மஞ்சள் தண்ணீர் பட்ட நிக்கல் ஒட்டு

தம்பிராஜாவுக்கு ஓர் இடத்தில் உட்காரப் பழக்கமில்லை. தோட்டத்தில் பிறந்து, மலாக்கா டவுனில் வெல்டிங் பழகி, முப்பது வயதுக்குள் நாலு பட்டறைகளில் சண்டை போட்டு வெளியேறியவன். சம்பளத்துக்காகச் சண்டை என்றால் வீட்டில் மன்னித்திருப்பார்கள். பெரும்பாலும் வெல்டிங் ராடுக்காக.

"கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நான் வெல கூடின ராடு கேட்டா நான் பைத்தியக்காரன். வார்ப்பிரும்புக்குச் சாதா ராடப் போட்டு, மேல பெயிண்ட் அடிச்சுக் குடுத்தா நீங்க திருடன்" என்று முதலாளிகளின் முகத்துக்கு நேரே சொல்லுவான்.

ஐந்தாவது பட்டறை காஜா பெராங்கில், டவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியுடையது. மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிகள் கடைவாசல்களில் இன்னும் வெளுத்துக்கொண்டிருந்தன, தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஜாலான் பெண்டஹாராவில் மிளகாய் மில் வைத்திருந்த கணேசமூர்த்தி, மெஷினின் சுழல்தண்டைத் தாங்கும் வார்ப்பிரும்புக் கட்டை பிளந்துவிட்டதென்று தூக்கிவந்தார். டவுக்கே தம்பிராஜாவிடம் சாதா ராடைத்தான் எடுத்துக் கொடுத்தார். இரண்டே நாளில், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல்.

காரணம் கணேசமூர்த்திக்கு உடனே புலப்பட்டுவிட்டது. மில்லில் மிளகாய் கொட்டும் கோகிலா! புருஷனை இழந்தவள், மெஷின் ஓடத் தொடங்கும்போது எதிரே நின்றாளாம். இன்னொரு தடவை உடைந்தால் அவளுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

கேட்டதும் தம்பிராஜாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாடு விடுதலை வாங்கிவிட்டது; ஒரு பெண்ணின் வெறும் நெற்றியைப் பார்த்து இரும்பு பிளக்கும் என்று நம்புகிற மூளைக்கு யார் விடுதலை வாங்கித் தருவது? வார்ப்பிரும்பைப் பிளக்காமல் பிடிக்கும் நிக்கல் ராடுதான் வேண்டுமென்று டவுக்கேயிடம் நின்றான்.

"மஹால்! மஹால்!" என்று விலையைச் சொல்லி மலாயில் அலறி டவுக்கே தலையில் கைவைத்தார். ஒரு நிக்கல் ராடின் விலைக்குச் சாதா ராடு ஒரு கட்டே வரும். தம்பிராஜா விடவில்லை. கடைசியில் சிங்கப்பூரிலிருந்து தருவித்தார்.

தம்பிராஜா விரிசலை உளியால் திறந்து, கட்டையைச் சூடேற்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி, ஒவ்வொரு ஒட்டையும் சுத்தியலால் மெல்லத் தட்டினான். பிறகு சாம்பலுக்குள் புதைத்தான். சாயங்காலம்வரை அது தானாக ஆறவேண்டும். காவல் இருக்கவேண்டியவனுக்குக் கால் நிற்கவில்லை. தேத்தண்ணிக் கடைக்குப் போனவன், அரசியல் பேச்சில் மாட்டிக்கொண்டான்.

திரும்பி வந்தபோது பட்டறையில் மஞ்சள் வாசனை. ராகு காலத்துக்கு முன் பூசையை முடித்துவிடலாமென்று வந்த கணேசமூர்த்தி, கட்டையை இடுக்கியால் சாம்பலிலிருந்து வெளியே இழுத்து, எலுமிச்சம்பழம் வெட்டி, ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆவி குபீரென்று கிளம்பியது. கட்டைக்குள் 'ணங்' என்று ஒரு சத்தம்; ஒட்டு விரிந்துவிட்டது.

"பாத்தியா ஒன் சிங்கப்பூர் ராட! எல்லாம் ஏமாத்து வேல" என்ற கணேசமூர்த்தி, சொம்பு சுமந்து வந்திருந்த கோகிலாவின் பக்கம் திரும்பினார். "எல்லாம் ஒன் ராசி. நாளையிலேருந்து மில்லுப் பக்கம் வராத."

கோகிலா கட்டையையே பார்த்தாள். "சூடான கண்ணாடி கிளாசுல பச்சத்தண்ணி ஊத்துனா வெடிக்காதா மொதலாளி? நான் தொடக்கூட இல்லியே."

"தீர்த்தத்தக் கொற சொல்றியா?"

"தீர்த்தமும் தண்ணிதான்யா!" என்று தம்பிராஜா கத்தினான். "சாயங்காலம் வரைக்கும் ஒங்க சாமிக்குப் பொறுக்காதா?"

"நீ எங்கடா போயிருந்த? சாம்பலக் காக்கத் துப்பில்ல, சாமியப் பேச வந்துட்டான்."

அது தைத்தது. தம்பிராஜா மிச்சமிருந்த ராடுகளை எண்ணிவிட்டுச் சொன்னான்: "ராடு மிச்சம் இருக்கு. நாளைக்கு மறுபடி ஒட்டறேன். ஆறுற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. ஒட்டு நின்னுச்சுன்னா இந்த அக்கா வேல இந்த அக்காவுக்கு."

தீபாவளி மிளகாய் மூட்டை மூட்டையாக அரைக்கக் கிடந்தது. கணேசமூர்த்தி சரியென்றார்.

மறுநாள் தம்பிராஜா சாம்பல் குவியலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். எழுந்தான், உட்கார்ந்தான், முழங்கால் தானாக ஆடியது. கையை உள்ளே விட்டுச் சூடு பார்க்கத் துடித்தான். பட்டறைக்குள் தலை நீட்டியவர்களையெல்லாம், "கையில சொம்பு இருக்கா?" என்று கேட்டு விரட்டினான்.

ஆறிய கட்டையைத் தம்பிராஜாவே மில்லுக்குக் கொண்டுபோய்ப் பூட்டினான். ஒட்டு நின்றது. மில் முழு வேகத்தில் ஓடி, தெருவே தும்மியது. கணேசமூர்த்தி மெஷினுக்கு மாலை போட்டார்.

"பூச நேரத்த மாத்தி வச்சேன் பாரு, அம்மன் ஏத்துக்கிட்டா." கோகிலாவைப் பார்த்து, "நீ வேலைக்கு வா. ஆனா மெஷின் ஓடத் தொடங்குறப்ப மட்டும் பின்னால போய் நின்னுக்க" என்றார்.

தம்பிராஜா வாயைத் திறந்தான். கோகிலா முந்திக்கொண்டு அவனை வாசலுக்குத் தள்ளிவந்தாள்.

"அண்ணே, இரும்ப ஒட்டுறது ஒங்க வேல. எம் பிள்ளைங்களுக்குச் சோறு போடுறது என் வேல. எனக்காக இன்னிக்கிச் சண்ட போடாதீங்க. போடவேண்டிய அன்னிக்கி நானே போட்டுக்குவேன்."

சொல்லிவிட்டு அவள் மிளகாய் மூட்டையை அவிழ்க்கப் போய்விட்டாள். தம்பிராஜா சைக்கிளில் ஏறாமல் காஜா பெராங் வரை அதைத் தள்ளிக்கொண்டே நடந்தான். வழியெல்லாம் கணேசமூர்த்தியோடு மனத்துக்குள் வாதாடினான். ஒவ்வொரு வாதத்திலும் அவனே ஜெயித்தான். எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.