அறைக்குள் விரித்த குடை

நான் பொய் சொன்னேன். துப்புரவு செய்யாத ஒரு குழாயைத் துப்புரவு செய்துவிட்டேன் என்று சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் வலது கை பழுதாயிற்று.

ஒரு குழாய்க்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று நினைக்கிறீர்களா? கேளுங்கள்... கேட்டபின் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினையுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில், திருகோணமலைத் துறைமுகத்தருகே ஒரு கப்பல் கம்பனியின் கந்தோரில் குளிரூட்டிகளைப் பராமரிப்பது என் வேலை. குளிரூட்டி காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கித் தன் அடித்தட்டில் சேர்க்கும். அது ஒரு மெல்லிய குழாய் வழியே சுவருக்கு வெளியே வடிய வேண்டும். கடலோரத்தில் அந்தக் குழாய்க்குள் பாசி படியும். குளவி மண்கூடு கட்டும். கம்பி விட்டுக் குடைந்து, சுடுதண்ணீர் ஊற்றி, மறுமுனையில் தெளிவாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் தண்ணீர் அறைக்குள் கொட்டும். இதுதான் என் வேலை. இதைத்தான் நான் செய்யவில்லை!

எங்கள் கந்தோரின் தொலைபேசிகளையெல்லாம் இணைத்தவர் பிலோமினா மிஸ். ஒரு சின்ன அறையில், இணைப்புப் பலகையின் முன் உட்கார்ந்து, வயர்களைச் செருகியும் பிடுங்கியும் ஆட்களைப் பேசவைப்பார். பெரிய துரை பேசினாலும் கூலியாளின் மனைவி பேசினாலும் அவருடைய குரலில் ஒரே மரியாதைதான். அப்படி ஒரு குரலை நான் பிறகு கேட்டதில்லை.

அந்த அறைக்கு வெளிச்சுவர் ஒன்றே ஒன்று. ஆகவே பலகைக்கு நேர் மேலேதான் குளிரூட்டியைப் பொருத்தியிருந்தார்கள்.

மாரி தொடங்குமுன் எல்லாக் குழாய்களையும் துப்புரவாக்கச் சொன்னார்கள். மற்ற அறைகளை முடித்தேன். மிஸ்ஸின் அறைக் குழாய் மட்டும் கடற்பக்கச் சுவரில் உயரத்தில் தொங்கியது. ஏணியைச் சுவரிலிருந்த கம்பியோடு கட்டித்தான் ஏற வேண்டும். அன்று பின்னேரம் ஊரில் உதைபந்தாட்டம்... நான் ஏணியைத் தொடவேயில்லை.

புறப்படும்போது மிஸ் கேட்டார்: "ரத்தினம், எங்கட அறையையும் பாத்தனீங்களோ?"

"ஓம் மிஸ். எல்லாம் செய்துபோட்டன்."

"நீங்கள் பாத்தா எனக்குப் பிறகு கவலையில்லை."

எவ்வளவு எளிதாக நம்பினார்! எவ்வளவு எளிதாக நான் திரும்பி நடந்தேன்!

மாரி பிறந்தது. ஒரு மத்தியானம், மூதூரிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த மோட்டார்ப் படகு குடாவின் நடுவில் எந்திரம் நின்று தத்தளித்தது. வாடைக்காற்று அதைப் பாறைப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. எங்கள் கந்தோரிடம் ஓர் இழுவைப்படகு உண்டு. அதன் ஆட்களோ சாப்பாட்டுக்குக் கலைந்துவிட்டார்கள். அவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டும், மூதூர் இறங்குதுறைக்குச் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரியை ஆயத்தப்படுத்த வேண்டும். எல்லாம் அந்த ஒரு பலகை வழியாகத்தான்!

அந்த வேளை பார்த்துக் குளிரூட்டியிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

பட்டறையில் இருந்த என்னை மிஸ் தொலைபேசியில் அழைத்தார். "ரத்தினம், தண்ணி ஒழுகுது. கெதியா வாங்கோ." குரலில் நடுக்கமே இல்லை.

ஓடினேன். கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மிஸ் தன் கறுப்புக் குடையை அறைக்குள் விரித்து, அதன் பிடியைத் தோளுக்கும் கழுத்துக்கும் இடையே இறுக்கிப் பலகைக்குக் கூரை போட்டிருந்தார். முதுகெல்லாம் ஈரம். குளிரூட்டியை நிறுத்தக் கதிரையில் ஏறியிருக்கிறார்; நிறுத்தியும் தட்டில் தேங்கியது கொட்டிக்கொண்டிருந்தது. இறங்கும்போது ஈரச் சீமெந்தில் வழுக்கி விழுந்திருக்கிறார். வலது மணிக்கட்டு ஒரு பக்கம் வளைந்து, வீங்கிப்போய் மடியில் கிடந்தது. இடது கையால் வயர்களைச் செருகிக்கொண்டிருந்தார்.

"மூதூரோ? படகுத்துறையில ஆரும் நிக்கினமோ? பதறாதேங்கோ, இழுவைப்படகு வெளிக்கிட்டிட்டுது..."

முகம் வெளிறியிருந்தது. குரல் மட்டும் என்றும்போல! நோவை அவர் எங்கே வைத்திருந்தார்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"மிஸ், கை..."

"கை பிறகு. நீங்கள் குழாயைப் பாருங்கோ."

மழையில் ஏணி ஏறினேன். குழாயின் வாயில் குளவிக்கூடு. உடைத்ததும் தேங்கிய தண்ணீர் குபுகுபுவென்று வெளியே பாய்ந்தது. கையிலிருந்த மண்ணைப் பார்த்தேன். வளர்ந்த குளவிகள் எப்போதோ துளைத்துப் பறந்துபோன ஓட்டைகள் அதில் தெரிந்தன. பழைய கூடு. மாரிக்கு முன்பே இருந்த கூடு. பார்க்கிறவனுக்கு என் பொய்யைச் சொல்லிவிடும் கூடு! அதை உள்ளங்கையில் நொறுக்கிக் கடலில் வீசினேன்.

படகிலிருந்த அத்தனை பேரும் கரைசேர்ந்தார்கள்.

பிறகு விசாரணை நடந்தது. "குழாயைத் துப்புரவாக்கினதோ?" என்று மேலதிகாரி என்னைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன், முறிந்த கையில் மாக்கட்டுடன் மிஸ் பேசினார்: "அவர் மழைக்கு முந்தியே செய்தவர், சேர். எனக்குச் சொன்னவர். குளவி கட்டினதுக்கு அவரைக் குறைசொல்ல ஏலாது."

என் பொய், பொய்யே அறியாத ஒரு வாயால் சாட்சியாகிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எண்ணினார்கள்!

அந்த மோட்டார்ப் படகை ஓட்டிவந்த ஹனீபா காக்கா மூதூரிலிருந்து ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுவந்தார். "மிஸ், நீங்க இல்லாட்டி நாங்க மௌத்தாப் போயிருப்பம்" என்று அழுதார். மிஸ் என்னைக் காட்டி, "மழையில ஏறிக் குழாயைத் திறந்தது இவர். இவருக்கும் சொல்லுங்கோ" என்றார். தயிரில் பாதியை எனக்குப் பிரித்துத் தந்தார்.

நான் அதை வாங்கினேன். சாப்பிட்டேன்... இதையும் எழுதத்தான் வேண்டும்.

எலும்பு கோணலாகப் பொருந்தியது. வயரைப் பிடிக்க விரல்களுக்குப் பலம் வரவில்லை. மிஸ்ஸைப் பண்டகசாலைக்கு மாற்றினார்கள். கடுதாசிக் கட்டுகளுக்கும் மைப்போத்தல்களுக்கும் நடுவே, இடது கையால் எழுதப் பழகினார். ஒரு குறையும் சொல்லவில்லை. சில வேளை பழைய அறையின் கதவருகே ஒரு கணம் நின்று, புதிதாக வந்த பெண்ணின் குரலைக் கேட்பார். அந்தப் பெண் தடுமாறினால் மெல்லச் சொல்லிக் கொடுப்பார். அந்த ஒரு கணத்தை நான் தூர இருந்து பார்த்திருக்கிறேன். ஓடிப்போய் அவர் காலில் விழுந்திருக்கலாமே! ஏன் விழவில்லை?

முதலில் வேலை போய்விடும் என்ற பயம். பிறகு அந்தப் பயம் போய்விட்டது. அதைவிடக் கேவலமான ஒன்று வந்தது. அவர் என்மேல் வைத்திருந்த மதிப்பை இழக்க எனக்கு மனமில்லை. உலகத்தில் நான் மிகவும் மதித்த மனுஷி என்னை நல்ல வேலைக்காரன் என்று நம்பினார். அந்த நம்பிக்கையைத் திருடி வைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்றபின் அவர் உப்புவெளியில் தங்கையுடன் இருந்தார். போன வருடம் காலமானார்.

செத்தவீட்டில் அவருடைய தங்கை என்னிடம் வந்தார். "அக்கா உங்களைப் பற்றி எப்பவும் நல்லாக் கதைப்பா. நீங்கள் நாலு வார்த்தை பேசுங்கோ" என்றார்.

பேசினேன். குடாவில் தத்தளித்த படகைச் சொன்னேன். விரித்த குடையை, முறிந்த கையை, தளராத குரலைச் சொன்னேன். ஒரு சொல்லும் மிகையில்லை. கேட்டவர்கள் அழுதார்கள். ஹனீபா காக்கா தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கடைசியில் தங்கை என் இரு கைகளையும் பிடித்து நன்றி சொன்னார்.

தண்ணீர் ஏன் கொட்டியது என்பதை மட்டும் நான் அங்கேயும் சொல்லவில்லை.