பாக்கெட்டில் கிடந்த லாக் வாஷர்

அன்பான சகோதர சகோதரிகளே, என் பெயர் சாமுவேல். வல்லம் வடகால் பக்கத்தில் லாரி ஷெட் வைத்திருக்கிறேன். ஒரு மனிதரையும் அவர் மனைவியையும் என் கையாலேயே சாகக் கொடுத்துவிட்டேன் என்று நான் நினைத்த ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

போன மழைக்காலம் தொடங்கிய சமயம், வெள்ளிக்கிழமை. என்னிடம் வழக்கமாக வண்டி விடும் சேகர் அண்ணனின் லாரிக்குப் பின்பக்க ஆக்சில் வேலை. ஆக்சில் பல்சக்கரங்களுக்கான கிரவுன் ஆயிலை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றினேன். சக்கரங்களைக் கழற்றி, பேரிங்குகளை டீசலில் கழுவி, உள்ளங்கையில் கிரீஸை வைத்து அழுத்தி ஏற்றினேன். இருபது வருடமாகச் செய்கிற வேலைதான். பேரிங்கைப் பிடித்து நிற்கிற நட் தானாகச் சுழன்று கழலாமல் இருக்க, அதன்மேல் லாக் வாஷர் என்று ஒரு தகடு போட்டு, அதற்கு மேல் இன்னொரு நட்டை இறுக்கித் தகட்டை மடக்கிவிட வேண்டும். மண்ணில் தொலைந்துவிடக் கூடாதென்று ஒரு பக்கத்துத் தகட்டைத் துடைத்து பேண்ட் பாக்கெட்டில் போட்டிருந்தேன்.

பதினொரு மணிக்கு உபவாச ஜெபம். என் மனைவி ஸ்டெல்லா இரண்டு முறை போன் செய்துவிட்டாள். சபைக்குத் தாமதமாகப் போகாதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு, அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவசர அவசரமாக மேல் நட்டைப் போட்டு இறுக்கி, ஆக்சிலைச் சொருகி மூடினேன். சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு ஓடினேன். சேகர் அண்ணன் ஒரகடத்தில் இரும்பு லோடு ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத் வழியாகப் போகக் கிளம்பினார். கேபினில் அவர் மனைவி கலா அக்கா. வாலாஜாபாத்தில் அம்மா வீட்டில் இறங்கிக்கொள்ள வந்திருந்தார்.

பன்னிரண்டரை இருக்கும். போதகர் எல்லாரையும் முழங்காலில் நிற்கச் சொன்னார். தொடையில் ஏதோ குத்தியது. பாக்கெட்டில் கையை விட்டேன். அந்தத் தகடு.

அதைப் போடாமலேயே சக்கரத்தை மூடியிருக்கிறேன். வெளியே வந்து சேகர் அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்தது பக்கத்துப் பஞ்சர் கடை பாபு.

"அண்ணா, சேகர் அண்ணன் போனு உங்க ஷெட்டுலயே சார்ஜ்ல கீதுண்ணா. மறந்துட்டுப் போய்ட்டாரு."

கலா அக்காவின் நம்பர் என்னிடம் இல்லை. திரும்ப உள்ளே போய், "ஐயா, ஒரு லாரிக்காக ஜெபம் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

வாலாஜாபாத் ரோடு உங்களுக்குத் தெரியும். கம்பெனி பஸ், ஸ்கூல் வேன், சைக்கிளில் போகிறவர்கள். வண்டி நிறைய இரும்போடு அந்தச் சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தூரத்தில் நாலு பேர் கூடி நின்றாலே விபத்தோ என்று பைக்கை மெதுவாக்கி எட்டிப் பார்த்தேன். வருடக்கணக்கில் நீள நீளமாக ஜெபித்தவனுக்கு அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது. "ஆண்டவரே, அந்த நட்டைப் பிடிச்சுக்கோங்க."

வாலாஜாபாத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் அம்மன் கோயில் வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. சேகர் அண்ணன் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் எலுமிச்சம்பழம். வேலை பார்த்த வண்டிக்குச் சக்கரத்தடியில் பழம் வைத்து ஏற்றுவது அவர் வழக்கம். என் ஷெட்டில் செய்தால் எனக்குச் சங்கடமாக இருக்குமென்று வழியில் செய்வார். அதற்காகக் குனிந்தவர், சக்கரத்தில் ஆயில் வழிவதைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னா சாமு, நீ எங்க இங்க? ஆயில் ஊத்திகினு கீது பாரு. சீல் போச்சா?"

ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீல் தானாகத் தேய்ந்து போகிற சாமான்; தப்பிக்கும் வழியை அவரே கையில் கொடுத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தகட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"சீல் இல்லண்ணா. இதைப் போட மறந்துட்டேன்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கலா அக்காதான் இறங்கி வந்தார். "மொதல்ல அவருக்குத் தண்ணி குடு. நிக்க முடியாம கீறாரு பாரு."

ஜாக்கி போட்டு அங்கேயே கழற்றினோம். நட் கழன்று கழன்று கடைசி மரையில் நின்றது; இன்னும் ஒரு சுற்று சுற்றியிருந்தால் விழுந்திருக்கும். அதைப் பார்த்ததும் நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

லாரியை நிறுத்தியது எலுமிச்சம்பழமா, ஆண்டவரா என்று சபையில் ஒருவர் கேட்டார். நான் கேட்டது நட்டைப் பிடிக்கச் சொல்லி. ஆண்டவர் பிடித்தார். சேகர் அண்ணனை எந்த வாசலில் குனிய வைப்பது என்று அவர் என்னிடம் யோசனை கேட்கத் தேவையில்லை.

இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் பாக்கெட்டை முழுக்கக் காலி செய்து பார்க்கிறேன். பிறகு சக்கரத்தில் கை வைத்து அங்கேயே ஜெபிக்கிறேன். சபைக்குப் பல நாள் தாமதமாகத்தான் வருகிறேன், மன்னியுங்கள். சேகர் அண்ணன் இன்றும் என்னிடம்தான் வருகிறார். போன வாரம் கையில் பழத்தோடு நின்று, "நீ மொதல்ல ஜெபம் பண்ணு சாமு, அப்பால நான் வெக்கிறேன்" என்றார்.

செய்த தப்பை யாருக்கும் தெரியாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பயந்து கிடக்கிறவர்கள் இங்கே இருந்தால், அதை வெளியே எடுத்து ஆண்டவர் முன்னால் வையுங்கள். ஒரு வாக்கியம் போதும். கடைசி மரையிலும் அவர் பிடித்துக்கொள்வார்.