அரைத்தாத்தாவின் பதினோரு புள்ளிகள்

இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவருக்கு ஜன்னல் பக்கத்துக் கன்னம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். மறுகன்னமோ மழமழவென்று மாப்பிள்ளைக் கன்னம். டிப்போவில் எவனோ ஒருத்தன் "அரைத்தாத்தா" என்று பேர் வைத்தான், அதுவே ஒட்டிக்கொண்டது. வெளியே சிரித்து வைப்பார். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

மனைவிதான் அடுத்த தெரு க்ரீம்காரம்மாவிடம் இழுத்துப்போனாள். அதிமதுர வேரும் மல்பெரி இலையும் ஊறிய சாற்றை அளந்து க்ரீமில் கலப்பவர் அந்தம்மா. விற்கிற அவசரமே கிடையாது. முதலில் கன்னத்தின்மேல் கண்ணாடித்தாளை வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் பேனாவால் சுற்றி வரைந்தார்.

"பதினொண்ணு இருக்குண்ணே. வெயிலுக்குப் போடுற க்ரீமையும் விடாம போடுங்க. எட்டு வாரம் கழிச்சு இதே தாளை வச்சுப் பார்ப்போம்."

"நான் என்ன வீட்டுமனையா, அளந்து படம் போட?"

எட்டு வாரத்தில் டப்பா காலி. வரும்போதே சத்தம்தான். "பத்து மங்கிடுச்சு. தாடையோரத்துல இருக்கிறது மட்டும் மசியல. அடுத்த டப்பாவுல சாறு கொஞ்சம் கூடப் போடும்மா."

அந்தம்மா தாளை வைத்துப் பார்த்தார். பத்துப் புள்ளிகள் கோட்டுக்குள் வெளுத்திருந்தன. பதினோராவது, கோட்டைத் தாண்டி ஒருபக்கமாக வளர்ந்திருந்தது. எடுத்த டப்பாவை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டார்.

"இதுக்கு நான் க்ரீம் தர மாட்டேண்ணே. இன்னைக்கே தோல் டாக்டரைப் பாருங்க."

"உன் சரக்கு பலிக்கலேன்னு ஒத்துக்க. எதுக்குப் பூச்சாண்டி காட்டுறே?" விறுவிறுவென்று படியிறங்கிவிட்டார். மனைவி விடுவாளா? தாளைப் பையில் போட்டுக்கொண்டு, சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

துளி சதை எடுத்துச் சோதித்ததில், தோலில் புற்றுநோய். உள்ளே இறங்குவதற்குள் வந்துவிட்டீர்கள், வெட்டி எடுத்தால் போதும் என்றார் டாக்டர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வரைஞ்சவங்களுக்கு நன்றி சொல்லுங்க" என்றார்.

தையல் பிரித்த கையோடு அந்தப் படியில் வந்து நின்றார் மனுஷன்.

"அம்மா, அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நீ பாட்டுக்கு இன்னொரு டப்பா கொடுத்திருந்தா, நானும் பூசிக்கிட்டே இருந்திருப்பேன்." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அட, விடுங்கண்ணே. மிச்சப் புள்ளிங்க இன்னும் மங்கும். டப்பா தரட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாம்மா. அவனுங்க அரைத்தாத்தான்னே கூப்பிட்டுட்டுப் போகட்டும்." நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தழும்புக் கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். "நீ தாளை வச்சு வரைஞ்சு மட்டும் எடு."