பெரியம்மாவுக்கு எங்கே கல்யாணம் நடந்தது?

பெரியம்மாவும் பெரியப்பாவும் கள்ளக்குறிச்சிக்கு வந்தால் தாத்தா வீட்டுச் சந்துக்குள் ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது. தினமும் டிவி சீரியலில் பார்க்கும் இரண்டு பேர் நேரில் இறங்கி நடந்து வந்தால் கூட்டம் கூடாமல் என்ன செய்யும்? அந்த சீரியலில் இருவரும் சம்பந்திகள். ஒருவரைக் கண்டால் ஒருவருக்கு ஆகாது. அவர் சாபம் விடுவார், இவர் சொம்பை எடுத்து வீசுவார். வீட்டுக்கு வந்தாலோ, பெரியப்பா ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நாரெல்லாம் எடுத்துவிட்டுச் சுளை சுளையாகப் பெரியம்மாவிடம் நீட்டிக்கொண்டிருப்பார். இதில் எது நிஜம் என்று மூன்றாம் வகுப்பு படித்த எனக்குப் பெரிய குழப்பம்.

பெரியம்மா என் அம்மாவுக்கு மூத்தவர். சின்னசேலத்தில் தையல் கற்றுக்கொண்டிருந்தபோது, திருவிழாவுக்கு வந்த நாடகக் குழுவுக்கு உடை தைத்துக் கொடுக்கப் போனார். கதாநாயகியின் தோழியாக நடித்தவருக்கு அம்மை போட்டது. ஒத்திகை பார்த்துப் பார்த்தே வசனமெல்லாம் பெரியம்மாவுக்குப் பாடமாகியிருந்தது. மேடையேற்றிவிட்டார்கள். நாடகத்தின் கதாநாயகன்தான் பெரியப்பா. அதன்பிறகு பெரியம்மா வீட்டுக்குத் திரும்பவில்லை. இருவரும் ஊர் ஊராக ஜோடியாக நடித்தார்கள். பிறகு சென்னைக்குப் போய் சினிமாவில் கதாநாயகனின் அப்பா அம்மாவாக, கதாநாயகியின் அண்ணன் அண்ணியாக நடித்து, கடைசியில் சீரியலுக்கு வந்தார்கள். பேர் கிடைத்த பிறகுதான் சொந்தக்காரர்களுக்கு அவர்கள் சொந்தம் என்பது நினைவுக்கு வந்தது. தாத்தா மட்டும், பேர் கிடைப்பதற்கு முன்பும் சரி, பிறகும் சரி, அவர்கள் எப்போதாவது வந்தால் "வந்தியா", "சாப்ட்டியா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

என் குழப்பம் வேறு. அவர்களுக்குக் கல்யாணப் போட்டோ கிடையாது. கூடத்தில் மாலையும் கழுத்துமாக இருவரும் நிற்கும் படம் ஒன்று உண்டு. ஆனால் அதில் பெரியப்பா தலையில் கிரீடம் இருந்தது. ஒரு பேட்டியில் கோயிலில் கல்யாணம் என்பார்கள், இன்னொன்றில் ரிஜிஸ்டர் ஆபீஸ் என்பார்கள். அம்மாவைக் கேட்டால், "ஆயிடுச்சி, அவ்ளோதான். போய் வெளையாடு" என்று துரத்துவாள்.

சித்தியின் வளைகாப்புக்கு இருவரும் வந்திருந்தார்கள். தாத்தா வீட்டு வாசலில் பந்தல். மூத்தவர் என்பதால் முதல் வளையலைப் போடப் பெரியம்மா எழுந்தார். எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்திருந்த சித்தியின் மாமியார் கையை நீட்டித் தடுத்தார்.

"இரும்மா. உன் சீரியல ஒரு நாள்கூட நான் வுட்டதில்ல. ஆனா இது எம் பேரப்புள்ளைக்குச் செய்ற மொற. உனக்கு எங்க, இன்னா மொறையில கல்யாணம் ஆச்சின்னு யாருக்கும் தெரியாது. வேற யார்னா மொதல்ல போடட்டும்."

சித்தியின் கண் கலங்கியது. என் கேள்வியை ஒரு பெரிய மனுஷியே கேட்டுவிட்டாரே என்று எனக்கு ஒரே உற்சாகம்.

"ஆமா பெரியம்மா! கோயில்லன்றீங்க, ஆபீஸ்லன்றீங்க. நெஜமா எங்க ஆச்சி?"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். பெரியம்மா கையிலிருந்த வளையலைத் தட்டில் வைத்தார்.

"மேடையில" என்றார்.

மீதியைப் பெரியப்பா சொன்னார்.

"மலையடிவாரத்துல ஒரு ஊர்ல நாடகம். பொண்ண இட்டுகினு போவ மாமா கெளம்பிட்டாருன்னு சேதி வந்துச்சி. படுதா தூக்கிப் பாத்தா மொத வரிசையில ஒக்காந்துகினு இருக்காரு. அன்னிக்கி வுட்டா இனிமே கெடையாதுன்னு தோணிச்சி. கல்யாண சீன் வந்துச்சி. நாடகத் தாலிய இடுப்புல சொருவிட்டு, வாங்கி வெச்சிருந்த நெஜத் தாலிய எடுத்துக் கட்டிட்டேன். மேளம் கொட்டுறாங்க, ஜனம் அரிசி போடுது. ஒருத்தருக்கும் தெரியாது. மாமாவும் போட்டாரு, நாடகம்னு நெனச்சிகினு. பெத்தவரையே ஏமாத்திட்டோமேன்னுதான் இத்தினி வருசம் வெளிய சொல்லல."

சித்தியின் மாமியார் அசையவில்லை. "கத நல்லாதான் இருக்கு. நடிக்கிறவங்க சொல்றத எப்பிடி நம்புறது? யாரு சாட்சி?"

"நாந்தான்."

பந்தல் காலோரம் நாற்காலியில் இருந்த தாத்தாவின் குரல். எல்லோரும் திரும்பினோம். அவர் பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"புதுக் கயிறு. மஞ்சள் ஈரம் காயாம உன் கழுத்துல ஒட்டிக்கினு இருந்துச்சி. டெய்லி கட்டி அவுக்குற வேஷக் கயிறு அப்பிடியா இருக்கும்? தெரிஞ்சிதான் அரிசி போட்டேன்."

"அப்பா!" என்றாள் அம்மா. "அவங்க வேற ஊருக்குப் போய்ட்டாங்க, பொண்ண கண்ணாலகூட பாக்கலன்னு வந்து சொன்னீங்களே?"

பக்கம் பக்கமான வசனத்தை மூச்சுவிடாமல் பேசும் பெரியம்மா, தாத்தாவின் நாற்காலிக்குக் கீழே, பட்டுப்புடவையோடு, வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சித்தியின் மாமியாரே வளையல் தட்டைத் தூக்கிக்கொண்டு பெரியம்மாவிடம் வந்தார்.

"எழுந்திரும்மா. புள்ளத்தாச்சி எவ்ளோ நேரம் கைய நீட்டிக்கினு இருப்பா?"

வளையல் போட்டாயிற்று. ஆனாலும் ஆளாளுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் எங்கே என்பது தெரிந்துவிட்டது. அதற்கு ஏன் அழ வேண்டும்? எனக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. தாத்தாவிடம் போனேன்.

"அப்புறம் நாடகம் எப்பிடி முடிஞ்சிது தாத்தா?"

"தெரியல. அரிசிய போட்டுட்டு எழுந்து வந்துட்டேன்."

"தனியாவா?"

"தனியாதான்."

முதல் வரிசையில் இடம் கிடைத்தும் பாதி நாடகத்தில் எழுந்து வந்த ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அய்யோ தாத்தா, கிளைமாக்ஸ் பாக்காமலே வந்துட்டீங்களே!" என்று பந்தலுக்கே கேட்கும்படி சொன்னேன்.

வேறு யாரும் சிரிக்கவில்லை.