நீல ஒயர்

இராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னியல் ஆய்வகம் நடத்துகிறேன். ஒப்பந்த வேலை. மாணவர்கள் ஒயர்களை இணைப்பார்கள். நான் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்ப்பேன். அதன் பிறகுதான் மெயின் சுவிட்ச். இந்த ஆண்டு துறைத்தலைவர் அந்த வழக்கத்தை நிறுத்தினார். இணைப்பைப் போனில் படம் எடுத்து ஏ.ஐ.யிடம் காட்ட வேண்டும், அது சரி என்றால் போட்டுக்கொள்ளலாம். அந்த நேரத்தில் நான் அடுத்த அறையில் இன்னொரு வகுப்பைப் பார்க்க வேண்டும். பிடிக்கவில்லை. ஆனாலும் "சரி சார்" என்றேன்.

போன வாரம் மனது கேட்காமல் எட்டிப் பார்த்தேன். தங்கச்சிமடத்து மாணவி ஒருத்தி மெயின் சுவிட்சில் கை வைத்திருந்தாள். பல்புகளைச் சிவப்பு ஒயருக்கும் நீல ஒயருக்கும் இடையில் கொடுத்திருந்தாள்.

"கையை எடு" என்று கத்தினேன்.

"நீலம்தான் நியூட்ரல்னு சொல்லுது மிஸ். டிக் போட்டுருச்சு."

"அது வெளிநாட்டுல. இங்கன கறுப்புதான் நியூட்ரல், நீலம் மூணாவது பேஸ், அதுலயும் கரண்டு வரும். போட்டிருந்தா நானூறு வோல்ட் போயி மூஞ்சிக்கு நேரா வெடிச்சிருக்கும்."

"ஏ.ஐ. பாரின்ல படிச்சிருக்கு மிஸ்" என்றாள் அவள் தோழி. எல்லோரும் சிரித்தார்கள். நான் நீல முனையிலிருந்து ஒயரைக் கழற்றினேன்.

துறைத்தலைவரிடம் சொன்னேன். "ஒண்ணும் ஆகலைல்ல? கைப்புள்ளக்காரி, அதான் எல்லாத்துக்கும் பயப்படுறீக" என்றார்.

பயப்படுகிறவள்தான். என் மகள் பிளக் ஓட்டையில் விரல் விடுவாளோ என்று சுவர் முழுக்க டேப் ஒட்டியிருக்கிறேன். அன்று வீட்டுக்குப் போய், தவறாகச் சொல்லிவிட்டேனோ என்று பாடப்புத்தகத்தை எடுத்தும் பார்த்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல். அதைப் படித்ததும்தான் கோபம் முழுசாக வந்தது. முதலாண்டுப் பாடம் அது. அதில் என்னையே நான் ஏன் சந்தேகப்பட்டேன்? பெற்றவர்கள் அந்தப் பெண்ணை எங்களை நம்பித்தானே அனுப்பினார்கள், ஒரு போனை நம்பியா?

மறுநாள் ஆய்வகத்து மெயின் போர்டிலிருந்த மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். சிறிது நேரத்தில் துறைத்தலைவர் வந்தார்.

"கரண்ட் இல்லாம புள்ளைக சும்மா நிக்குதுக மேடம்."

"நிக்கட்டும் சார். நான் பாத்த பெறகு போடுறேன்."

"அடுத்த வருச ஒப்பந்தம் வேணாமா?"

வேண்டும். ஆய்வகத்துக்குள் போய், முதல் மேசையில் குனிந்து, கறுப்பு ஒயர் எங்கே போகிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.